நிலையற்றோர் தேடிய நிலையான இன்பம்: மலையகத் தோட்டங்களில் இறைநம்பிக்கை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கடவுளை நம்பியோர் நிலையான இன்பத்தை அடைவர் என்பது ஏறத்தாழ எல்லாச் சமயங்களும் கூறும் உறுதிமொழி. இவ்வுறுதிமொழியை எதிர்கொள்ளும்பொழுது நம்மிடையே இருவகை விடைகளே பெரும்பாலும் எழுகின்றன. சமயவாதிகள் அவ்வின்பம் காலத்தையும் இடத்தையும் கடந்தது என்பர். பகுத்தறிவுவாதிகளும் முற்போக்காளருட் சிலரும் அது வெறும் மயக்கம் என ஒதுக்குவர். இவ்விரு விடைகளும் முரணானவை போலத் தோன்றினும் ஒரு வகையில் ஒத்தவையே. யார், எக்காலத்தில், எத்தகைய வாழ்க்கையின் நடுவே அவ்வின்பத்தை நாடினர் என்னும் வினாவை இரு சாராரும் எழுப்புவதில்லை. முன்னவர் வரலாற்றைத் தேவையற்றதாகக் கருதுகின்றனர். பின்னவர் விடையை முன்கூட்டியே கையில் வைத்திருக்கின்றனர்.

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் உழைப்பாளரின் சமய வாழ்வை இவ்வினாவோடு அணுகுதல் பயனுடையது. ஏனெனில் வாழ்க்கையில் நிலையானது என்று சொல்லத்தக்க ஒன்றேனும் நெடுங்காலம் வாய்க்கப்பெறாத மக்கட் கூட்டம் இது. அவர்கள் கொழுந்தெடுத்த நிலம் அவர்களுடையதன்று. குடியிருந்த லயன் காம்பராவும் அவர்களுடையதன்று. 1948 ஆம் ஆண்டுக்குப் பின் பெரும்பாலோருக்கு நாடும் இல்லாதொழிந்தது. இத்தகையோர் இறைவனிடத்து நிலையான இன்பத்தைத் தேடினர் எனில், அத்தொடரில் 'இன்பம்' என்னும் சொல்லை மட்டுமன்றி 'நிலையான' என்னும் அடைமொழியையும் நாம் வரலாற்றின் துணைகொண்டு படித்தல் வேண்டும். அவ்வடைமொழியே இங்கு முதன்மையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2

சிற்றின்பம், பேரின்பம் என்னும் பாகுபாடு தமிழ்ச் சமய மரபில் ஆழ வேரூன்றியது. முன்னது அழிவது, பின்னது அழியாதது. இப்பாகுபாட்டைத் தத்துவ நூல்களின் துணைகொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது என்பதைப் பேராசிரியர் க. கைலாசபதி 1966 இல் வெளிவந்த தமது 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' என்னும் நூலிற் காட்டினார். நாயன்மாரின் பத்தி இயக்கத்தையும் சோழப் பேரரசின் காலத்துத் தத்துவ எழுச்சியையும் சமுதாய அடித்தளத்தோடு இணைத்து நோக்கும் வழியை அந்நூல் தமிழ் ஆய்வுலகிற்கு உணர்த்திற்று.

அப்பர் பெருமானின் வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவ வேந்தன் ஆணையை மறுத்து, தாம் எவருக்கும் அடிமையல்லர் என அவர் நின்றதாகச் சேக்கிழார் வழிவந்த மரபு கூறும். அவர் கண்ட இன்பம் அரசாணைக்கு அஞ்சாமையோடு பிணைந்திருந்தது. எனினும் அதே பத்தி நெறி பின்னாளிற் கோயில் நிலவுடைமையின் கருத்தியலாகவும் அமைந்தது என்பதை மறத்தலாகாது. ஒரே நம்பிக்கை ஒரு காலத்தில் நிமிர்ந்து நிற்கவும் இன்னொரு காலத்தில் வணங்கிக் கிடக்கவும் துணைபுரிந்தது.

மார்க்ஸ் 1844 இல் எழுதிய சிறு கட்டுரையின் கருத்தும் இதுவே. மதத்தை அபினியோடு ஒப்பிட்ட தொடர் ஒன்றையே அதிலிருந்து எடுத்துப் பலரும் ஆள்வர். அதற்குச் சற்று முன்பாக, மதத் துயரம் என்பது மெய்யான துயரத்தின் வெளிப்பாடு என்றும் அத்துயருக்கு எதிரான முறைப்பாடு என்றும் அவர் இருமுகமாகக் கூறியிருப்பதை அவர்கள் விட்டுவிடுவர். 1850 இல் ஜெர்மானிய உழவர் போரைப் பற்றி எழுதிய எங்கெல்சும் 1525 இன் கிளர்ச்சியில் தோமஸ் முன்சரின் சமயப் போதனை ஆற்றிய பங்கை விரிவாக எடுத்துரைத்தார். வெளிப்பாடு, முறைப்பாடு என்னும் இவ்விரு முகங்களையும் மனங்கொண்டு மலையகத்தை நோக்குவோம்.

3

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபொழுது தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து உழைப்பாளர் கொணரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் ஆகியவற்றால் வழியில் மாண்டோர் பலர். நோய்க்கும் மழைக்கும் அதிதேவதையாகிய மாரியம்மன் இம்மக்களின் முதன்மைத் தெய்வமாக விளங்குவதற்கு, பிறந்த ஊரின் மரபு மட்டுமன்றி இப்பயணத்தின் அனுபவமும் காரணமாகும். அப்பயணத்தின் முடிவிடமாகிய மாத்தளையில் 1874 இல் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தமை தற்செயலன்று.

கோப்பிக் காலத்து உழைப்பாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து மீள்வோராயிருந்தனர். 1869 இற் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலைப் பயிர்ச்செய்கை அதன் இடத்தைப் பிடித்தது. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய பயிர்; ஆதலின் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பத்தோடு தங்கியிருக்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். மலைகளிற் கோயில்கள் பெருகியமையை இம்மாற்றத்தோடு பொருத்தி நோக்குதல் வேண்டும். மீளும் எண்ணத்தோடு வந்தவன் தன் குலதெய்வத்தை ஊரில் விட்டுவரலாம். மீளாதவன் அதனை உடன் கொணர வேண்டியவனாகிறான்.

ஆரம்பத்தில் இவை கோபுரமும் பிராகாரமும் உடைய கோயில்களல்ல. மரத்தடியில் நாட்டிய கல், சூலம், தகரக் கூரையின் கீழ் ஒரு மேடை என்பனவே பெரும்பாலும் இருந்தன. மாரியம்மனோடு முனியாண்டி, மதுரைவீரன், கறுப்பண்ணசாமி முதலிய காவற் தெய்வங்களும் தேயிலைச் செடிகளின் இடையே குடியேறின. கொழுந்து மலைக்கென்றே ஒரு சாமி, தொழிற்சாலைக்கென்றே ஒரு சாமி என வேலைத்தலங்களும் தெய்வங்களைப் பெற்றன. வெள்ளைத்துரையின் வரைபடத்தில் இலக்கமிடப்பட்ட நிலப்பகுதியாக இருந்தது, உழைப்பாளரின் மனத்தில் இன்ன சாமியின் மலையாயிற்று. அந்நிலத்தில் அவர்களுக்கு உறுதிப் பத்திரம் இல்லை. எனினும் பெயரிடும் உரிமையை அவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டனர்.

4

தோட்டத்தின் நேரம் முழுவதும் துரைக்குரியது. விடியுமுன் தப்பொலி கேட்டதும் எழுந்து பெரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். பிந்தியோருக்கு வேலை மறுக்கப்படும்; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் மட்டுமே போடப்படும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவிற் குடும்பம் முழுவதும் உறங்கும். பழைய கங்காணி முறையிலே, ஊரை விட்டுப் புறப்படும்போதே தொடங்கிய கடன் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அக்கடனைப் பற்றாகக் காட்டி ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921 இலேயே ஒழிக்கப்பட்டது.

இவ்வாழ்க்கையில் ஆண்டுக்கொரு முறை சில நாள்கள் வேறுபட்டன. காப்புக் கட்டியதும் தோட்டத்தின் நடைமுறை மாறும். லயன்கள் வெள்ளையடிக்கப்படும், அயல் தோட்டங்களிலுள்ள உறவினர் வந்து சேர்வர். கரகம் பாலித்தல், முளைப்பாரி, பாற்குடம், காவடி, தீமிதி, தேர், மஞ்சள் நீராட்டு என விழா தொடரும். இதனைப் பற்றி எழுதுவோர் பலரும் பத்திப் பரவசத்தையோ மூடநம்பிக்கையையோ காண்கின்றனர். அவ்விழாவின் உழைப்பு முறையை நோக்குவோர் அரியர். தேர் கட்டுவோரும், பந்தல் போடுவோரும், சோறாக்குவோரும், தோள் கொடுத்துத் தேரைச் சரிவான மண்பாதையில் இறக்கி ஏற்றுவோரும் உழைப்பாளரே. அங்கே பேர் போடுவார் இல்லை. நிறை பார்ப்பார் இல்லை. ஆண்டு முழுவதும் பிறருக்காகச் செலவிட்ட அதே உடல்வலு அந்நாள்களில் மட்டும் தமக்கெனச் செலவாயிற்று. உழைப்பு அந்நியமாகாத நிலையை அவர்கள் நேரே நுகர்ந்த தருணம் அதுவேயாகும். அவ்வின்பத்தை அவர்கள் அம்மன் அருள் என்றனர். அருளின் மூலம் யாதாயினும், அந்நுகர்வு பொய்யானதன்று.

பெரட்டுக்கு எழுப்பிய தப்பே அம்மனை அழைக்கவும் ஒலித்தது என்பது கருதத்தக்கது. அதிகாலையில் அடிமைத்தனத்தின் ஒலியாக இருந்த அதே கருவி, விழா நாளில் அருள் வந்தாடுவோரின் ஒலியாயிற்று. கருவியை ஆள்வோர் மாறவில்லை; அதன் பொருளே மாறியது.

ஆயினும் இவ்வின்பத்தைக் களங்கமற்றதாகச் சித்திரித்தல் ஆய்வு நேர்மையாகாது. விழாவின் நாளைக் குறிப்பதற்குத் துரையின் இசைவு வேண்டும். முதல் மரியாதை துரைக்கும் பெரிய கங்காணிக்கும் உரியதாயிற்று. கங்காணிமார் பெரும்பாலும் உயர்வெனக் கருதப்பட்ட சாதியினராகவும், உழைப்பாளருட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தமையால், தேரை அணுகும் வரிசை தோட்டத்தின் அதிகார வரிசையாகவே அமைந்தது. தப்படித்தவருக்கு அம்மனை வரவழைக்கும் கடமை இருந்தது; கருவறையை அணுகும் உரிமை பல இடங்களில் இருக்கவில்லை. விழாச் செலவு சம்பளத்திற் பிடிக்கப்பட்டது. இன்றும் தீபாவளி முற்பணம் கொடுக்கப்பட்டு மாதந்தோறும் கழிக்கப்படுகின்றது; மகிழ்ச்சியும் கடனாகவே வழங்கப்படுகின்றது. நிருவாகத்தினர் சமய விழாக்களுக்கு இடமளித்தமைக்கு அவர்களுடைய பெருந்தன்மை காரணமன்று. ஆண்டுக்கு ஒரு விழா, ஆண்டு முழுவதும் ஒழுங்கான பெரட்டுக்கு உறுதியளிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

5

மாசி மாதத்தில் அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையிற் கம்பம் நாட்டித் தொடங்கி முழுநிலவையொட்டி முடியும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத்தின் பெருங்கூத்து வடிவங்களுள் ஒன்றாகும். தமிழகத்தின் சில மாவட்டங்களிலும் வழங்கும் இக்கூத்து மலையகத்திற் பெற்ற உயிர்ப்பு தனித்தன்மை வாய்ந்தது. நமது இலக்கிய வரலாறுகள் இதற்கு ஓர் அடிக்குறிப்பு அளவிலேனும் இடந்தருவதில்லை என்பது வருந்தத்தக்கது.

கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனைப் பணிக்கின்றனர். தூதன் ஓலை கொணர்கின்றான். தீக்கனாக் கண்ட இரதி போகவேண்டாம் எனத் தடுக்கின்றாள். மேலிடத்து ஆணையை மீறவியலாது மன்மதன் செல்கின்றான், நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுகின்றான். இரதியின் ஒப்பாரி இரவு முழுவதும் தொடர்கின்றது. இறுதியில் மன்மதன் மீள உயிர் பெறுகின்றான். ஆனால் இரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான்.

புராணக் கதை ஒன்றே, கேட்போர் வேறு. கோயில் மண்டபத்தில் இதனைக் கேட்போர் காமத்தை வென்ற சிவனின் பெருமையைக் கேட்கின்றனர். லயன் முற்றத்தில் விடியவிடிய விழித்திருந்தோரின் கண்ணோ இரதியின் மீது இருந்தது. மேலிடத்திலிருந்து வந்த ஓலை, மறுக்க இயலாத வேலை, அழைத்துச் செல்லப்பட்டவன் மீளாமை, பின்னின்ற பெண்ணின் அழுகை என்னும் இத்தொடர் அவர்களின் குடும்ப வரலாறே. ஆண்கள் இரதி வேடம் பூண்டு அழ, சூழநின்ற பெண்கள் தத்தம் துயரை அழுதனர். ஆனாற் கூத்து அழுகையோடு முடிவதில்லை. எரிந்தவன் எழுகின்றான், அவன்மேல் அன்பு வைத்தவளுக்கு மட்டும் தெரிகின்றான். பேரின்பம் பற்றித் தத்துவ நூல்கள் கூறுவதனை இம்மக்கள் தம் கூத்தின் இறுதிக் காட்சியில் வேறு மொழியிற் கூறிக்கொண்டனர். இழந்தது முற்றாக இழக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். இதனை மயக்கம் என்று மட்டும் கூறுவோர், இழப்பைத் தாங்கி நிற்பதற்கு மனிதர் கண்ட வழிகள் அனைத்தையும் மயக்கம் என்றே கூறவேண்டிவரும்.

6

கிறித்தவத்தின் வருகை இவ்வரலாற்றின் மற்றொரு கூறு. 1854 இல் தமிழ்க் கூலி மிஷன் என்னும் பெயரிலேயே ஓர் ஊழியம் தோட்டத்துரைமாரின் நிதியுதவியோடு தொடங்கப்பெற்றது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். மனிதரை அவர் விற்கும் உழைப்பின் பெயரால் அழைத்த அத்தலைப்பே அதன் சமூகச் சூழலை உணர்த்தப் போதுமானது. கீழ்ப்படிதலும் நிதானமும் உள்ள உழைப்பாளரை உருவாக்கச் சுவிசேஷம் உதவும் என்பது துரைமாரின் எதிர்பார்ப்பு. மறுவுலக இன்பத்தைப் பற்றிய வாக்குறுதி இவ்வுலகக் கூலியைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடும் என்றும் அவர்கள் நம்பியிருத்தல் கூடும்.

டிக்கோயாவில் 1878 இற் கட்டப்பெற்ற வார்லி கிறிஸ்து தேவாலயத்தின் முற்றத்தில் இன்றும் தோட்டத்துரைமாரின் கல்லறைகளைக் காணலாம். பெயரும் பிறப்பும் இறப்பும் செவ்வனே பொறிக்கப்பட்டவை அவை. அதே மலைகளில் மாண்ட ஆயிரக்கணக்கான உழைப்பாளருக்கு அத்தகைய எழுத்து இல்லை; அவர்கள் தேயிலைத் தூர்களின் அடியிற் கரைந்தனர். ஒரே கடவுளின் பெயரால் அளிக்கப்பட்ட நித்திய வாழ்வு, மண்ணுக்கு மேலே இரு வகையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது.

ஆயினும் வரலாறு துரைமாரின் கணக்குப்படியே நடப்பதன்று. மிஷன் பாடசாலைகள் எழுத்தறிவைக் கொணர்ந்தன. எழுத்தறிந்தவன் வேதாகமத்தோடு நின்றுவிடுவதில்லை, செக்ரோலையும் படிக்கின்றான். இருபதாம் நூற்றாண்டிற் சமயத்துறையினருட் சிலரே இதன் விளைவை முழுமையாக ஏற்றனர். இயேசு சபைத் துறவியாகிய போல் கஸ்பர்ஸ் 1972 இற் கண்டியில் நிறுவிய சத்தியோதயம் தோட்ட மக்களின் உரிமைகளுக்காக உழைத்தது. இலத்தீன் அமெரிக்காவில் விடுதலை இறையியல் உருப்பெற்ற காலமும் அதுவே. இறைவனிடத்து இன்பம் காண்போன் அயலானின் பசியைக் கண்டு அமைதியடைய இயலாது என்பது அவர்களின் நிலைப்பாடு. சமயத்தின் முறைப்பாட்டு முகம் இவ்வாறும் வெளிப்பட்டது.

7

1931 இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடல் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மக்களுக்குப் பழக்கமான நாட்டார் மெட்டுகளிற் புதிய செய்தியை அவர்கள் வைத்தனர். பக்திப் பாட்டையும் ஒப்பாரியையும் கேட்டுப் பழகிய செவியே சங்கத்தின் அழைப்பையும் கேட்கவல்லது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போராட்டத்திற்கு இடதுசாரிகள் தலைமை தாங்கினர். அவர்களின் தியாகம் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் இடதுசாரித் தொழிற்சங்கங்கள் தோட்டங்களில் முதன்மை நிலையை எய்தவில்லை. இதற்கு அரசியற் காரணங்கள் பல உள. 1964 இற் கூட்டரசாங்கத்திற் சேர்ந்தமையும் இனவாதத்தோடு செய்துகொண்ட சமரசங்களும் அவற்றுள் அடங்கும். அவற்றோடு இன்னொன்றையும் நாம் தன்விமர்சனமாகச் சேர்த்தல் வேண்டும். உழைப்பாளரின் பெரட்டுக்களத்தை அறிந்த நாம் அவர்களின் கோயில் முற்றத்தை அறிந்துகொள்ளவில்லை. தேர்த்திருவிழாவைப் பின்தங்கிய நிலையின் அறிகுறியாகக் கண்டோம். அம்முற்றமே வேலை நேரத்துக்கு வெளியே மக்கள் தாமாகக் கூடிய இடம் என்பதைக் கவனியாது விட்டோம். பிற சங்கங்கள் அதனைக் கவனித்தன. கங்காணியின் செல்வாக்குத் தேய்ந்தபின் அவர் பெற்றுவந்த முதல் மரியாதையைப் பல தோட்டங்களிற் சங்கத் தலைவரே பெற்றார். அமைப்பு மாறியது, வரிசை மாறவில்லை.

இதனிடையே நிலைபேறின் கேள்வி மிகக் கூர்மையுற்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இன் ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. 1973-74 இன் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதற்கு எதிராக எழுந்த போராட்டத்தின்போது டெவன் தோட்டத்திற் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டிலும், 1981 இலும் 1983 இலும் இன வன்செயல்கள் மலைநாட்டையும் தாக்கின.

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறிய குடும்பங்கள், 1984 இல் அச்சேவை நிற்கும்வரை, தகரப் பெட்டிகளிற் கொண்டு செல்லக்கூடியவற்றையே கொண்டு சென்றன. நூறாண்டுகளாக வணங்கிய கல்லையும் மரத்தையும் பெட்டியில் வைக்கவியலாது. இங்கே 'இந்தியாக்காரர்' என ஒதுக்கப்பட்டோர் நீலகிரியிற் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இரு கரையிலும் அவர்களை அந்நியராக நோக்காத ஒரு முகம் அம்மனுடையது மட்டுமே. நிலையான இன்பம் என்னும் தொடர் இம்மக்களின் வாயில் என்ன பொருள் தந்திருக்கும் என்பதனை இந்நிகழ்ச்சிகளின் வெளிச்சத்திற் காணல் வேண்டும். எவ்வரசும் ஒப்பந்தத்தாற் பறிக்கவியலாத ஒன்றை அவர்கள் அச்சொல்லாற் குறித்தனர்.

8

அண்மைக் காலத்தில் இரு போக்குகள் தோன்றியுள்ளன. ஒன்று, தகரக் கூரைக் கோயில்கள் ஆகம விதிப்படியான கோபுரக் கோயில்களாக மாறுதல். பலியும் சாமியாட்டமும் விலக்கப்படுகின்றன. பூசாரியின் இடத்திற் குருக்கள் அமர்கின்றார். மக்கள் தம் கோயில் பெருமை பெறுவதை விரும்புதல் இயல்பே. எனினும் தம் கையாற் செய்த வழிபாடு, பிறர் செய்யத் தாம் பார்த்து நிற்கும் வழிபாடாக மாறும்பொழுது, விழாவின் இன்பத்துக்கு அடிப்படையாய் இருந்த ஒன்று கைநழுவுகின்றது.

மற்றொன்று, 1980 களுக்குப் பின் தோட்டங்களிற் பெந்தகொஸ்தே முதலிய சுயாதீன சபைகள் பெருகியமை. நிலையான சந்தோஷம், சமாதானம் என்பன அவற்றின் போதனையில் இடையறாது ஒலிக்கும் சொற்கள். இதனை வெளிநாட்டுப் பணத்தின் சூழ்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் எளிது, போதியதன்று. ஈ. பி. தோம்சன் 1963 இல் வெளியிட்ட ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய நூலில், மெதடிச மறுமலர்ச்சி அரசியல் எதிர்பார்ப்புகள் தோல்வியுற்ற தருணங்களிற் பெருகியமையைச் சுட்டினார். மலையகத்திலும் 1992 இல் தோட்ட நிருவாகம் தனியாரிடம் கையளிக்கப்பட்டமை, சங்கங்களின் மீதான நம்பிக்கை தளர்ந்தமை, இளைஞர் கொழும்புக்கும் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வேலை தேடிச் சென்றமை ஆகியவற்றால் தோட்டச் சமூகத்தின் பழைய கூட்டுறவு சிதைந்தது. கூட்டு விழாவின் இன்பம் தளர்ந்த இடத்தில் தனிமனித மீட்பின் இன்பம் வந்து சேர்ந்தது.

இச்சபைகளிற் பெண்கள் பெருமளவிற் சேர்வதற்குப் பொருளியற் காரணமும் உண்டு. தோட்டத்தைச் சுற்றித் தவறணைகளை வளர்த்த அமைப்பு, கணவனின் சம்பளத்தை வீட்டுக்கு வருமுன் விழுங்கிற்று. சபையிற் சேர்ந்த கணவன் குடியை விட்டால் அடுப்பில் உலையேறும். அப்பெண் சொல்லும் சந்தோஷம் வானத்திலிருந்து இறங்கிய கருத்துப்பொருளன்று; பிள்ளைகளின் தட்டில் விழும் சோறு அது. ஒரு குடும்பத்தை மீட்கும் இவ்வழி, சாராயத்தையும் குறைகூலியையும் விளைவிக்கும் அமைப்பைத் தொடாது விடுகின்றது என்பதே நம் விமர்சனமாதல் வேண்டும். அவள் மகிழ்ச்சியைப் பழித்தல் விமர்சனமாகாது.

9

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். மலையக மக்களின் இறைநம்பிக்கை தந்த இன்பம் மெய்யானது. தம் உழைப்பைத் தமக்கெனச் செலவிட்ட விழா நாளிலும், இழப்பைக் கூடி அழுது கூடி மீண்ட கூத்தின் இரவிலும், பெயரிடப்பட்ட மலையிலும் அது கருக்கொண்டது. ஆனால் அது நிலையானதாக இருந்ததா? காப்பு அவிழ்த்த மறுநாள் தப்பு மீண்டும் பெரட்டுக்கே ஒலித்தது. விழாக்கடன் செக்ரோலில் ஏறியது. அந்த இன்பம் ஆண்டுக்கொரு முறை வந்து சென்றது; நிலைபெறவில்லை. அதனாலேயே அதன் நிலைபேறு இறைவனிடத்து வைக்கப்பட்டது. மண்ணில் இடம் கிடையாத ஒன்றுக்கு மக்கள் விண்ணில் இடம் தேடினர்.

இறைவன் உளனா என்னும் கேள்வியை இக்கட்டுரை தீர்க்க முற்படவில்லை. நம்பிக்கையுடையோரும் இல்லோரும் உடன்படத்தக்கது ஒன்று உண்டு. கூடி மகிழவும், தம் நேரத்தைத் தாமே ஆளவும், தாம் பெயரிட்ட நிலத்தில் தாமே வேரூன்றவும் இம்மக்கள் கொண்ட வேட்கை அந்நம்பிக்கையினுள் பாதுகாக்கப்பட்டிருந்தது. அவ்வேட்கையைத் தாங்கிய பாண்டத்தை உடைப்பதன் மூலம் அதனை விடுவித்துவிடலாம் என எண்ணியதே நமது பிழை.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நாடற்ற நிலையை முடித்துவைத்தது. எனினும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தாம் குடியிருக்கும் காணியில் உரிமை இன்னும் கிட்டவில்லை. 2023 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றனர். முன்னோர் மாண்ட அதே பாதை அது. முன்னோர் பிழைப்புத் தேடிக் கடன் சுமந்து நடந்தனர். இவர்கள் காணியும் வீடும் சம உரிமையும் கேட்டு நடந்தனர். அம்முன்னோர் மலையில் நாட்டிய கல் அதே கோரிக்கையின் முதல் வடிவம் என நாம் கொள்ளலாம். அக்கல் நின்ற நிலத்தில் அதனை நாட்டியோரின் வழித்தோன்றலும் உரிமையோடு நிற்கும் நாளிலே, நிலையான இன்பம் என்னும் தொடர் மறுவுலகத்துக்கு ஒத்திவைக்கப்பட்ட வாக்குறுதியாக இராது. அந்நாளிலும் அவர்கள் தேர் இழுப்பர்; விழாக்கடன் இன்றி இழுப்பர்.